பக்கவாசல் விளக்கு

பகீத் அந்த விளக்கை வாங்கி மாட்டியது திருடனுக்குப் பயந்து இல்லை. தென்னந்தோப்புகளுக்கு நடுவே கிடக்கும் தஹாரிஸ் பக்கம் திருடன் வந்தால் இருட்டில் ஏதாவது தென்னங்கன்றில் தடுக்கி விழுந்து, அவனே நாலு வீட்டை எழுப்பிவிடுவான். விளக்குக்குக் காரணம் வேறு. கல்யாணமாகி வந்து குடியேறிய வீட்டில் தன் கையால் எதையாவது ஒன்றை மாட்டியே தீர வேண்டும் என்று அவனுக்கு ஒரு வெறி பிடித்திருந்தது. அந்த வீட்டில் இருந்த கொக்கி, கொடிக்கம்பி, கதவுத் தாழ்ப்பாள் எல்லாமே சுஹைல் அடித்தவை.

சுஹைல், பகீத்தின் மனைவி நுவைராவின் முதல் கணவன். மௌத்தாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. ஒட்டகம் வளர்த்தவன், மரவேலை தெரிந்தவன், சிரித்த முகம் என்று தெருவே சொல்லும். செத்தவனைப் பற்றி ஊர் நல்லதுதான் பேசும், அது வழக்கம். ஆனால் இவ்வளவு நல்லதா? ஒரு தடவையாவது யாராவது "சுஹைல் கொஞ்சம் கோபக்காரன்" என்று சொல்லமாட்டார்களா என்று பகீத் காது கொடுத்துக் காத்திருந்தான். யாரும் சொல்லவில்லை.

ஊரில் யாரையும் வெறும் பெயரால் கூப்பிடுவதில்லை. மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்து அபூ இன்னார், உம்மு இன்னார் என்றுதான் அழைப்பார்கள். நுவைராவுக்கு மஸ்கட்டில் கட்டிக்கொடுத்த ஒரு மகள், ஸஹ்ரா. அதனால் அவள் உம்மு ஸஹ்ரா. சுஹைல், மண்ணுக்குள் போன பிறகும், அபூ ஸஹ்ரா. பகீத்தின் முதல் கல்யாணமோ பிள்ளையில்லாமல் முறிந்தது. ஐம்பது வயதில் அவன் வெறும் பகீத். மளிகைக் கடைக்காரன் ஒருநாள் அவனைக் காட்டி யாரிடமோ "உம்மு ஸஹ்ரா வீட்டுக்காரர்" என்று அடையாளம் சொன்னபோது, வாங்கிய ரொட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டான்.

வீட்டுக்கு இரண்டு வாசல். முன்வாசல் மஜ்லிஸுக்குள் திறக்கும், விருந்தாளிகள் வருவது அதன் வழியாக. பக்கவாசல் சமையலறையை ஒட்டியது, மேலே தகரச் சாய்ப்பும் கீழே உயரமான ஒற்றைப் படியும் உண்டு. வீட்டு ஆட்கள் புழங்குவது அதில். சுஹைல் பட்டியிலிருந்து ஒட்டக வாடையோடு அந்த வழியாகத்தான் வருவானாம். தெருவில் அதை இன்னும் "அபூ ஸஹ்ரா வாசல்" என்றே சொன்னார்கள். பகீத் துறைமுகத்தில் வேலை முடிந்து இஷா என்னும் இரவுத் தொழுகைக்குப் பிறகு வந்து, முன்வாசலில் மணி அடிப்பான். நுவைரா திறந்து "வாங்க" என்பாள். அந்த "வாங்க" அவன் காதில் விருந்தாளிக்குச் சொல்வதாகவே விழுந்தது. இந்த வீட்டில் நான் புருஷனா, வந்து போகிறவனா? கல்யாணமான குளிர்காலத்திலிருந்து அவன் நெஞ்சைக் குடைந்தது இந்த ஒரே கேள்விதான்.

ஆகவே, ஆளைக் கண்டால் தானாக எரியும் விளக்கு ஒன்றை வாங்கிவந்து, நேராகச் சுஹைலின் வாசலுக்கு மேலேயே மாட்டினான். பகீத் ரைசூத் துறைமுகத்தில் கிரேன்களின் மின்சாரக் கோளாறு பார்க்கிறவன். அவனுக்கு இது விளையாட்டு வேலை. அவசரத்தில் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் பட்டு, அவன் போட்டிருந்த நீள வெள்ளை அங்கியான திஷ்தாஷாவின் வலது கைமடிப்பில் மட்டும் ஓர் ஓட்டை விழுந்தது.

நுவைரா வந்து பார்த்தாள். படியில் ஏறினாள், விளக்கு எரிந்தது. தள்ளிப் போனாள், சற்று நேரத்தில் அணைந்தது.

"நல்லாயிருக்கு" என்றாள். பிறகு அவன் கையைப் பிடித்துப் பார்த்து, "இப்படியா சட்டையைப் பொசுக்குவாங்க?" என்றாள்.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை, ஓட்டையைப் பற்றி ஒரு வாக்கியம். பகீத் அதையும் மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டான்.

கரீஃப் என்னும் தூறல் பருவம் பிறந்தது. மலையிலிருந்து மூடுபனி இறங்கிவந்து ஊரை மூடிக்கொண்டது. விடாத பூந்தூறல். துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, பகீத்துக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும். வருஷா வருஷம் இந்த மூன்று மாதமும் அவனுக்கு ரோஜாவும் ஒன்றுதான், மீன்சந்தையும் ஒன்றுதான். துறைமுகத்தில் கூட வேலை பார்க்கிறவர்கள் "புது மாப்பிள்ளை வர்றார், வழி விடுங்க, மணக்குது" என்று கிண்டலடிப்பார்கள். கிழட்டு மாப்பிள்ளையை யார்தான் விடுவார்கள் என்று அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லோரும் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது அடுத்த வீட்டு அபூ நாசர் அவன் தோளைத் தொட்டார். அபூ நாசர் ஓய்வுபெற்ற மனிதர். பெரிய மனது, அதைவிடப் பெரிய வாய்.

"ஒண்ணு சொல்லணும் பகீத். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க அபூ நாசர்."

"உன் விளக்கு என் மஜ்லிஸ் ஜன்னல்ல நேரா அடிக்குது. மஃரிப் தொழுதுட்டு வந்து டீயைக் கையில எடுத்தா மூஞ்சில பளீர்னு எரியுது. அணையுது. மறுபடி எரியுது. என் வீடு என்ன கண் ஆஸ்பத்திரியா?"

"அந்த நேரத்துல அங்க யாருமே இருக்க மாட்டாங்களே. பூனையா இருக்கும்."

"பூனையோ யானையோ, அடக்கி வை அதை." குரலைத் தாழ்த்தினார். "அது கிடக்கட்டும். என்மேல உனக்கு என்ன கோபம்?"

"எனக்கா? ஒண்ணுமில்லையே."

"முந்தாநாள் மஃரிப் முடிஞ்சு அந்தப் பக்கவாசல்லதானே நின்னுட்டிருந்தே? பனிக்குள்ள வெள்ளை திஷ்தாஷா தெரிஞ்சுது. சுவர் வரைக்கும் வந்து சலாம் சொன்னேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கல. ஒரு முஸ்லிம் சலாம் சொன்னா பதில் சொல்லணும்ப்பா. நான் உனக்கு என்ன பண்ணினேன்?"

முந்தாநாள் அந்தியில், மஃரிப் நேரத்தில், பகீத் கிரேன் உச்சியில் கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நான் இல்லை என்று வாய்வரை வந்தது. வந்ததைப் பல்லைக் கடித்து விழுங்கினான். நான் இல்லை என்றால் பிறகு யார்? அந்தக் கேள்வியை அபூ நாசர் வாயில் எடுத்துக் கொடுக்க அவனுக்குப் பைத்தியமா?

"ஏதோ யோசனையில இருந்துட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றான்.

செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

நுவைரா சோறும் பொரித்த மீனும் வைத்தாள். தேங்காய் அரைத்த சட்டினி வைத்தாள். முள் எடுத்து அவன் பக்கம் நகர்த்தினாள். பகீத் மீனைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தான். இந்த முகத்திலா திருட்டு இருக்கிறது? இருந்தால் தெரியுமா? தெரியாத மாதிரி வைத்துக்கொள்வதுதானே திருட்டு? பொறாமை அவன் வயிற்றில் சோற்றுக்கு முன்னால் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டது.

"மஃரிப் நேரத்துல பக்கவாசல்ல யாராவது வர்றாங்களா?"

"யார் வருவாங்க இந்தத் தூறல்ல? ஏன்?"

"விளக்கு சும்மா சும்மா எரியுதாம். அபூ நாசர் சொல்றார்."

"மின்சாரம் தெரிஞ்சவர் நீங்க. பார்த்துச் சரி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு துண்டு மீன் வைத்தாள்.

பார்த்தான். ஆணி ஆணியாகப் பார்த்தான். கோளாறு எங்கே என்று தெரியாதபோது, இல்லாத இடங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வா, கடைசியில் மிஞ்சுவதுதான் கோளாறு. துறைமுகத்தில் அவன் கற்ற தொழில் அது.

முதலில் சென்சார் கண்ணைத் துடைத்தான். கடற்காற்றின் உப்பும் ஒரு சிலந்தியும் வந்தன. சிலந்தியைக் கொன்றான். அபூ நாசர், "நேத்தும் எரிஞ்சுது" என்றார்.

அந்தக் கண்ணின் குணம் அவனுக்குத் தெரியும். சூடும் அசைவும் சேர்ந்து வந்தால்தான் விழிக்கும். பனிக்காலத்து அந்தியில் வாழையிலை எவ்வளவு ஆடினாலும் அதில் சூடு ஏது? இருந்தாலும் படியோரம் நின்ற வாழையை வெட்டிப் போட்டான். அது சுஹைல் நட்ட வாழை, அரிவாள் தானாகவே இறங்கியது.

"குலை தள்ளப் போற மரத்தை ஏங்க வெட்டினீங்க?" என்று நுவைரா ஓடிவந்தாள்.

"விளக்குக்கு இடைஞ்சல்."

"விளக்கை நகர்த்தக் கூடாதா?"

மரத்துக்காக அவள் முகம் வாடியது. யார் நட்ட மரம் என்பதற்காகத்தானே வாடுகிறாய் என்று கேட்க அவனுக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை. வாழை போயும் விளக்கு எரிந்தது.

அடுத்தது பூனை. மீன்தலைகளைக் கொல்லைப்புறம் கொண்டுபோய் வைத்துப் பூனையை இடம் மாற்றினான். பூனைக்கு நல்ல காலம், விளக்குக்கு மாற்றமில்லை. பிறகு, தெருவில் திரியும் ஒட்டகங்கள் மதிலுக்கு மேலே தலை நீட்டுகின்றனவோ என்று, சென்சார் கண்ணில் தெருப்பக்கம் பார்க்கும் பாதியைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தான். இப்போது அந்தக் கண்ணுக்கு வாசற்படி ஒன்றுதான் தெரியும். அந்தக் கண்ணின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் திருகையும் பாதிக்குக் குறைத்தான். இனிமேல் எரிந்தால், படிமேலேயே சூடுள்ள ஒன்று வந்து நின்றால்தான் எரியும்.

"எரியுதா அபூ நாசர்?"

"நேத்துதான் நல்லா எரிஞ்சுது. நீயும் நின்னே. நான் சலாம் சொல்லல. எதுக்கு வம்பு?"

கழித்தாகிவிட்டது. மிஞ்சியது ஓர் ஆள். வெள்ளை திஷ்தாஷா போட்டவன். பகீத் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, முன்வாசல் இருக்க, பக்கவாசலில் வந்து நிற்பவன். பகீத்துக்கே வாய்க்காத வாசலில்.

அன்றைக்கு அவன் கண்ணில் இன்னொன்றும் பட்டது. கல்யாணத்தின்போது அவன் ஹாஃபா சந்தையில் தேடிப் பொறுக்கி, தூபம் போடும் ஹோஜரி ரகக் குந்திரிக்கப் பிசின் ஒரு பை நிறைய வாங்கிக் கொடுத்திருந்தான். பச்சை ஓடிய வெள்ளைக் கட்டிகள், மலையிலேயே முதல் தரம். வந்த புதிதில் சில நாள் நுவைரா அதை வீட்டுக்குள் புகைத்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். அந்தியில் குந்திரிக்கம் புகையாத வீடு அந்தத் தெருவிலேயே அது ஒன்றுதான். தனக்காகப் புகைக்க அவளுக்கு மனமில்லை என்று அவன் அதையும் பொறுத்துக்கொண்டிருந்தான். இப்போது அலமாரியில் பையைத் தூக்கிப் பார்த்தால் பாதிக்குமேல் காலி. வீட்டுக்குள் புகையவில்லை. அப்படியானால் யாருக்குப் புகைந்தது? என் காசில், என் பரிசில், எவனுக்கு வரவேற்பு?

விடுமுறை நாளில் பக்கவாசல் அருகிலேயே நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தான். மற்ற விடுமுறைகளில் ஊரே செய்வதுபோல அவனும் அவளும் மலைப்பக்கம் போய், ரோட்டோரம் கறி சுட்டுத் தின்றுவிட்டுத் தாமதமாக வருவார்கள்.

"இன்னைக்கு மலைக்குப் போகலையா?" என்றாள் நுவைரா.

"போகல."

"அப்ப உள்ள வந்து உட்காருங்க. பனி ஆகாது உங்களுக்கு."

"இங்கேயே இருக்கேன்."

மஃரிப் வந்தது, போனது. ஓர் ஈ எறும்புகூட வரவில்லை. வரமாட்டான். நான் வீட்டில் இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. யார் சொல்லித் தெரிந்தது? தும்மிக்கொண்டே இதை யோசித்து யோசித்து, சுஹைல் உயிரோடு இருந்திருந்தால்கூட பகீத் அவனை இவ்வளவு வெறுத்திருக்க மாட்டான், அப்படி வெறுத்தான் முகம் தெரியாத அந்த ஆளை.

மறுநாள் வேலையைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு மாலையிலேயே கிளம்பினான். வண்டியைப் பள்ளிவாசல் ஓரம் நிறுத்தினான். கடைசி வரிசையில் நின்று மஃரிப் தொழுதான். என்ன ஓதினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. தொழுதுவிட்டு மதிலை ஒட்டித் தூறலில் நடந்தான்.

பக்கவாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

படிமேல் அந்த ஆள் நின்றான். முதுகு இந்தப் பக்கம். வெள்ளை திஷ்தாஷா. அவனுக்கு எதிரே நுவைரா. அவள் கைகள் அவனுடைய கழுத்துப்பட்டியை நீவிக்கொண்டிருந்தன. கழுத்திலிருந்து தொங்கும் குஞ்சத்தை நேராக்கினாள். பிறகு முகத்தை அவன் மார்புக்கு அருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள்.

பகீத்துக்கு அப்படி ஒருநாளும் அவள் செய்ததில்லை.

மதிலைத் தாண்டியது தெரியாது. ஐம்பது வயதுக் கால் அந்த மதிலை எப்படித் தாண்டியது என்று பிற்பாடு அவனே வியந்தான். "யார்டா நீ?" என்று பாய்ந்து தோளைப் பிடித்து இழுத்தான். தோள் கையோடு வந்தது. உள்ளே எலும்பில்லை, சதையில்லை. ஒரு மரச்சட்டம் சடசடவென்று சரிந்து அவன்மேல் விழுந்தது. பின்னால் சாய்ந்தவன், தானே வெட்டிவிட்ட வாழைக் கட்டையில் இடறி ஈர மண்ணில் உட்கார்ந்தான். தூபக்கால் உருண்டு, கங்குகள் சேற்றில் விழுந்து 'சுர்' என்றன. மடியில் வெறும் திஷ்தாஷா கிடந்தது, வெதுவெதுப்பாக.

துணிக்குப் புகை போடும் சட்டம். எல்லா வீட்டிலும் இருப்பது. நாலு குச்சியைக் கூம்பாகச் சேர்த்து, கீழே கங்கும் குந்திரிக்கமும் வைத்து, மேலே துணியைப் போர்த்தினால் மணம் ஏறும். உயரமான படியில் தூக்கி வைத்தால் ஆள் உயரம். கீழிருந்து சூடு, பக்கத்திலிருந்து காற்று, கை ஆடுகிறது, அங்கி அசைகிறது. அந்தக் கண் வேறு என்ன செய்யும்? பாவம், அதன் வேலையைத்தான் அது ஒழுங்காகச் செய்திருக்கிறது.

ஒரு நல்ல மனிதன் இந்த இடத்தில் சிரித்திருப்பான். பகீத்தால் முடியவில்லை. அவ்வளவு நாள் ஊறிய பொறாமை ஒரு நிமிஷத்தில் வற்றுமா? அது பக்கத்தில் கிடைத்த அடுத்த ஆளைப் பிடித்துக்கொண்டது.

"யாரோடது இது?" என்றான் தரையில் உட்கார்ந்தபடியே.

"எது?"

"இந்த திஷ்தாஷா. அவனோடதா? சுஹைலோடதா?"

நுவைரா குனிந்து அவன் மடியிலிருந்து துணியை எடுத்தாள். வலது கைமடிப்பைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். தைத்து மூடிய ஓர் ஓட்டை.

"இது யார் வெச்ச சூடு?"

பகீத் அந்தத் தையலை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"கரீஃப்ல துணி காயாது. ஈர நாத்தத்தோட என் புருஷன் நாலு பேருக்கு நடுவுல போய் நிக்கக் கூடாதுன்னு தினமும் புகை போடறேன். உள்ள போட்டா நீங்க விடிய விடிய இருமறீங்க. அதான் நீங்க வீட்டுல இல்லாத நேரமா வெளிய கொண்டு வந்தேன்."

"சொல்லியிருக்கலாமே."

"தினமும் போட்டுக்கிட்டுப் போறீங்க. மணம் தெரியலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?" அவள் குரல் உயரவில்லை, அதுதான் அவனைப் பயமுறுத்தியது. "அப்ப இத்தனை நாளா விளக்கைக் குடைஞ்சது, வாழையை வெட்டினது, நாற்காலி போட்டுக் காவல் காத்தது எல்லாம் இதுக்குத்தான். உயிரோட இருக்கறவன்கூட சேர்த்து வெச்சுப் பார்த்தீங்க. அது ஆகலைன்னதும் மௌத்தானவனை எழுப்பறீங்க."

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். சுஹைல் அடித்த தாழ்ப்பாள், நன்றாகவே விழுந்தது. பகீத் எழுந்து, சேற்றுத் துணியோடு சுற்றிப் போய் முன்வாசலில் மணி அடித்தான். அவள் திறந்தாள்.

"வாங்க" என்றாள். இதுவரை கேட்ட "வாங்க" எல்லாம் எவ்வளவு இனிப்பு என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு மஃரிப் நேரத்தில் அந்த விளக்கு எரியவே இல்லை. கோளாறு தீர்ந்துவிட்டது. அபூ நாசர் பள்ளிவாசலில் வைத்து அவன் முதுகைத் தட்டினார்.

"சரி பண்ணிட்டே போல. இப்பத்தான் நிம்மதியா டீ குடிக்கிறேன். என்ன கோளாறு?"

"ஒண்ணுமில்ல. சின்னதுதான்."

துறைமுகத்தில் யாரும் வழி விடுங்கள் என்று சொல்லவில்லை. இரண்டாம் நாள் ஒருவன் மட்டும், "என்னண்ணே, மாப்பிள்ளை முறுக்கு முடிஞ்சுதா? ஈரச்சாக்கு வாடை அடிக்குது" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அடைத்த மூக்கைத் தோளில் வைத்து இழுத்துப் பார்த்தான் பகீத். ஒன்றும் தெரியவில்லை. தனக்குத் தெரியாமலே இத்தனை நாள் தன்மேல் ஒருத்தியின் அக்கறையைப் போர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறோம், அதைத் தானே பிடித்து இழுத்துச் சேற்றில் போட்டிருக்கிறோம் என்பதை நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது. கிரேன் உச்சியில் ஏறி அழுதான், அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள்.

வீட்டில் நுவைரா சோறு போட்டாள், முள் எடுத்துத் தரவில்லை.

அடுத்த விடுமுறை நாளில், அவள் உள்ளே மஸ்கட்டிலிருக்கும் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்த நேரம், பகீத் பக்கவாசலுக்குப் போனான். சென்சார் கண்ணில் ஒட்டிய டேப்பை உரித்தான். குறைத்த திருகைப் பழையபடி ஏற்றினான். சாய்ப்பு ஓரத்தில் ஒரு கால் ஒடிந்த சட்டம் கிடந்தது. எடுத்துப் பார்த்தான். சுஹைல் இழைத்தது என்று பார்த்தாலே தெரிந்தது. மூன்று காலும் தடவினால் வழுக்கியது. இதையுமா அவன் செய்திருக்க வேண்டும் என்று பழைய எரிச்சல் ஒருமுறை தலை தூக்கியது. தூக்கட்டும் என்று விட்டுவிட்டு, தென்னை மட்டையைச் சீவி நாலாவது காலைச் செய்தான். மின்சாரக்காரனின் மரவேலை எப்படி இருக்கும்? கொஞ்சம் கோணல். ஆனால் நின்றது.

மஃரிப் தொழுதுவிட்டு வந்து கரி பற்றவைத்தான். ஈரத்தில் அது பற்ற மறுத்தது. ஊதி ஊதி, இருமி இருமி, கங்கு கனன்றதும் பையில் மிச்சமிருந்த ஹோஜரியிலிருந்து ஒரு கை அள்ளிப் போட்டான். கொடியிலிருந்து நுவைராவின் வெல்வெட் உடுப்பை எடுத்து வந்தான். முன்னால் குட்டையாகவும் பின்னால் தரையில் இழுபடும்படி நீளமாகவும் இருக்கும் உடுப்பு. அதைச் சட்டத்தின்மேல் போர்த்தி, படிமேல் தூக்கி வைத்தான். தள்ளி வந்து மதிலோரம் நின்றான். ஆள் நகர்ந்ததும் விளக்கு அணைந்தது. காற்று வந்தது. உடுப்பின் வால் அசைந்தது.

விளக்கு பளீரென்று எரிந்தது.

அடுத்த வீட்டு ஜன்னலில் அபூ நாசர் தலை தெரிந்தது. தெரிந்த வேகத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. அடுத்த வீட்டுப் பெண் வாசலில் நிற்கும்போது பார்ப்பது மரியாதையில்லை அல்லவா.

"அபூ நாசர், திரும்புங்க. அது வெறும் துணி" என்றான் பகீத்.

தலை மெல்லத் திரும்பியது. "துணியா?"

"புகை போட்டிருக்கேன். அன்னைக்கு நீங்க பார்த்ததும் துணிதான். நான் வேலைக்குப் போயிருந்தேன்."

"அப்ப நான் சலாம் சொன்னது?"

"என் திஷ்தாஷாவுக்கு."

அபூ நாசர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தார். "அதான் உன்னைவிட மரியாதையா நின்னுச்சு. சரி, மறுபடி என் கண்ணு போச்சா?"

"விளக்கு எரியும் அபூ நாசர். தினமும் எரியும். உங்க ஜன்னலுக்குத் திரை நான் போட்டுத் தர்றேன்."

முணுமுணுத்துக்கொண்டே ஜன்னல் மூடியது. பக்கவாசல் கதவு திறந்தது. நுவைரா கையில் போனோடு நின்றாள். தன் உடுப்பையும், அதன் கீழே புகைவதையும், புகையில் கண் சிவந்து நிற்கும் புருஷனையும் பார்த்தாள்.

"கரி ஜாஸ்தி. வெல்வெட் பொசுங்கிடும்" என்று தூபக்காலை இடுக்கியால் சற்று வெளியே இழுத்தாள். சட்டத்தைத் தொட்டாள். அது ஆடியது.

"யார் போட்ட கால்?"

"நான்தான்."

"கோணலா இருக்கு."

"தெரியும்."

பகீத் இருமிக்கொண்டே முன்பக்கம் நடக்க ஆரம்பித்தான்.

"எங்க போறீங்க?"

"முன்வாசலுக்கு."

"கல்யாணத்தன்னைக்கே ரெண்டு சாவி கொடுத்தேன். ஒரு நாளாவது இந்தப் பக்கம் வந்தீங்களா?" இப்போதுதான் அவள் குரல் உயர்ந்தது. "நீங்களா முன்னாடி போய் மணி அடிப்பீங்க. விருந்தாளி மாதிரி. நானும் ஓடிவந்து திறப்பேன். எனக்கு மட்டும் ஒண்ணும் இருக்காதா? இவருக்கு இன்னும் அந்த முதல் பொண்டாட்டி நினைப்புதான், இந்த வீடு மனசுல ஒட்டலைன்னு நினைச்சேன். அவ பேரை யாராவது எடுத்தாலே எனக்கு எரியும்."

பகீத் நின்றுவிட்டான். "அவளா? அவளுக்கு என் முகமே மறந்திருக்கும்."

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் சொல்லணும்."

எரியும் என்றாள். தன்னை வைத்து ஒருத்தி எரிந்திருக்கிறாள். ஐம்பது வயதில், இத்தனை மாதம், மணி அடித்த ஒவ்வொரு தடவையும். வெட்கப்பட வேண்டிய இடத்தில் பகீத்துக்குச் சந்தோஷம் பொங்கியது. அதை முகத்தில் காட்டக் கூடாது என்று மூக்கைச் சிந்துவதுபோலத் திரும்பிக்கொண்டான்.

பிறகு சட்டைப் பையைத் துழாவினான். சாவிக்கொத்தில், ஒருநாளும் தொடாததால் பச்சைக் களிம்பு ஏறிய அந்த இரண்டாவது சாவி இருந்தது.

"கதவைச் சாத்து" என்றான்.

"திறந்துதானே இருக்கு?"

"சாத்திட்டு உள்ள இரு. நானே திறக்கறேன்."

அவள் அவனை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பகீத் அவளுடைய உடுப்பைச் சுற்றிக்கொண்டு படியேறினான். சாவி உள்ளே போக மறுத்தது, அசைத்து அசைத்துத் திருகியதும் திறந்துகொண்டது.

"செருப்பை அங்கயே விட்டுட்டு வாங்க, ஒரே சேறு" என்றாள் நுவைரா உள்ளேயிருந்து.